ஏடிஏ3 ஏன் விட்டுவிட்டுப் போனது: ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பு

ஏடிஏ3 என்பது லினக்ஸின் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) ஒரு டிஸ்க் இணைப்புக்கு இடும் பெயர். கோளாறு இரண்டு. ஒன்று, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும், நசுங்கிப்போன சாட்டா டேட்டா கேபிள். மற்றொன்று, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒய் வடிவப் பவர் கேபிள். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் மேல் சேர்ந்து ஏறியதால்தான் இவ்வளவு அலைச்சல். அந்த 4 டெராபைட் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டிய கடையில் "ஆயுள் முடிந்துவிட்டது, புதிது போடுங்கள்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அது இன்றும் அதே பெட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் டிஸ்க்கோடு தொடர்பு அறுந்து அறுந்து வருகிறது என்று தவிப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இடம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. வேலை, பழைய பேரேடுகளையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்வது. இரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடை வைத்திருந்த குடும்பம். பர்மாக் கணக்குகள் 1941இன் கடைசியோடு அப்படியே நின்றுவிடுகின்றன. பங்காளிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு தாள்கூட வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஆகவே ஸ்கேனரும் சர்வரும் வீட்டுக்குள் வந்து, வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய அறை ஒன்றில் குடியேறின. பேரேட்டின் விரித்த பக்கம் ஏ3 அளவுக்கு வருகிறது. அதை 600 டிபிஐயில் நிறத்தோடு எடுத்தால், சுருக்காத டிஃப் கோப்பு ஒன்றுக்கு 200 எம்பிக்கு மேல் பிடிக்கும். பகலில் ஸ்கேன் செய்ததெல்லாம் இரவில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் சர்வருக்குப் போகும்.

சர்வர் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். என்னிடம் சும்மா கிடந்த மேசைக் கணினி, டெபியன் 12 லினக்ஸ், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, தரவுக்கு இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள். இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி லினக்ஸின் எம்டி ரெய்டு 1. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பழையது, அதில் சாட்டா பவர் முனை இரண்டுதான் இருந்தது. மூன்றாவதுக்கு வெள்ளை நிற நான்கு முள் மோலெக்ஸ் முனையிலிருந்து ஒரு ஒய் கேபிளைப் போட்டு இழுத்திருந்தேன்.

முதலில் தெரிந்த அறிகுறி தாமதம். ஆர்சிங்க் ஓடும், அரை நிமிடம் அப்படியே உறையும், மறுபடி ஓடும். இந்த அரை நிமிடம் தற்செயலானது அல்ல. டிஸ்க்குக்கு அனுப்பிய கட்டளைக்குப் பதில் வரக் கெர்னல் காத்திருக்கும் நேரம் வழக்கமாக 30 விநாடி. பிறகு ஒரு காலையில் வந்து பார்த்தால், ரெய்டு இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிட்டு ஒற்றை டிஸ்க்கோடு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குப் போனதும் தீர்ப்பு வாங்கியதும் அன்றைக்குத்தான். அங்கே டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, "மெதுவாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு எதுவும் பார்க்கவில்லை. ஒன்பதாயிரம் ரூபாய் விவகாரம் என்பதால் நான் பெட்டியைத் திருப்பி எடுத்து வந்து, கெர்னல் எழுதிவைக்கும் டிமெஸ்க் பதிவை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

பதிவு பயமுறுத்தும் விதத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். "எக்ஸெப்ஷன்", "ஃப்ரோஸன்", "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று அடுக்கடுக்காக வரும். அவற்றைத் தாண்டிக் கண்ணை ஓட்ட வேண்டிய இடம், ஒவ்வொரு தொகுப்பின் கடைசியிலும் நெளிவு அடைப்புக்குள் வரும் சிறு சொல். அங்கே யுஎன்சி என்று இருந்தால் டிஸ்க் தன் தகட்டிலிருந்து படிக்க முடியாமல் திணறுகிறது. நகல் எடுத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டியதுதான். எனக்கு வந்தது ஐசிஆர்சி, ஏபிஆர்டி. அதற்கு முந்தைய வரியில் "ஏடிஏ பஸ் எரர்". அதாவது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போன தரவு வழியில் சிதைந்திருக்கிறது. பேரேட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவதைப் போல, சாட்டாவில் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து போகிறது. பெறுபவர் கணக்குப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் தள்ளிவிடுவார். மறுபடி அனுப்ப வேண்டும். கோப்பு கெடாமல் தப்பிக்கிறது, நேரம்தான் வீணாகிறது. தொடர்ந்து இப்படி நடந்தால் கெர்னல் தானே வேகத்தைக் குறைக்கும். என் பதிவிலும் 6 கிகாபிட் 3 ஆகி, பின்பு 1.5 ஆகியிருந்தது.

அடுத்து ஸ்மார்ட்சிடிஎல், அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலைக் காட்டும் நிரல். பட்டியல் நீளமானது, முதலில் நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 5 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்), 197 (சந்தேகத்தில் நிற்பவை), 198 (திருத்த முடியாதவை) மூன்றும் பூஜ்யம். 199, அதாவது இணைப்பு வழியில் நேர்ந்த சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழைகள்: 412. இந்த 412ஐப் பார்த்துத்தான் டிஸ்க்கை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். நீண்ட சுயசோதனையும் கொடுத்தேன். சுமார் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு, பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. இந்தச் சோதனை முழுவதும் டிஸ்க்குக்குள்ளேயே நடக்கிறது, தரவு கேபிளைத் தொடுவதே இல்லை. அது தேறி, வெளியே பேசும்போது மட்டும் தடுமாறினால் சந்தேகம் தானாகவே கேபிள் பக்கம் திரும்பும்.

கேபிளைத் தொடுமுன் எந்தக் கேபிள் என்று உறுதிசெய்ய வேண்டும். பதிவு ஏடிஏ3 என்று சொல்கிறது. மதர்போர்டில் அச்சடித்திருப்பதோ சாட்டா 0, 1, 2, 3. கெர்னல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது, என் போர்டு பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அச்சில் 3 என்று இருந்த துளை காலியாகவே கிடந்தது. சிஸ் அடைவில் பிளாக் பகுதிக்குள் டிஸ்க்கின் பெயருக்கு எதிரே தெரியும் நீண்ட பாதையில் ஏடிஏ எண் இருக்கும். அதையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி டிஸ்க்கின் ஓரத்தில் ஒட்டினேன்.

கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று பவர் கம்பிகளோடு சேர்த்து நைலான் டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. டை இருந்த இடத்தில் தட்டையான சிவப்பு உறை நசுங்கி, அதை அடுத்து ஒரு கூர்மையான மடிப்பு. முனையில் பூட்டிக்கொள்ளும் உலோக நாக்கும் இல்லை. விரலால் லேசாகத் தட்டினாலே ஆடியது. உள்ளே ஓடும் மெல்லிய இரட்டைக் கம்பிகளின் இடைவெளி மாறினாலே 6 கிகாபிட் வேகத்தில் சமிக்ஞை கெட்டுவிடும். கம்பி அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை. நாக்குள்ள புதிய கேபிள், அரை மீட்டர், 160 ரூபாய். சாட்டாவுக்கு ஒரு மீட்டர் வரை அனுமதி உண்டு என்றாலும், பெட்டிக்குள் மீதிக் கம்பியைச் சுருட்டி வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மாற்றியதும் ரெய்டில் திரும்பச் சேர்த்தேன். எம்டியில் எழுதும் இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்ததால், விடுபட்ட பகுதிகளை மட்டும் எழுதிச் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. அது இல்லையென்றால் 4 டெராபைட்டையும் தொடக்கத்திலிருந்து நகலெடுக்க வேண்டும். அன்றிரவு முழுவதும் ஆர்சிங்க் ஓடியும் 199 என்ற வரி 412லேயே நின்றது. இந்த எண் ஒருபோதும் குறையாது. புது கேபிள் போட்ட பிறகும் 412 காட்டுகிறதே என்று கலங்க வேண்டியதில்லை. ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது, மாதத்தின் முதல் ஞாயிறு பின்னிரவில் டிஸ்க் மறுபடி காணாமல் போனது. 199 அதே 412. பதிவில் ஐசிஆர்சி என்ற சொல்லே இல்லை. இந்த முறை "சாட்டா லிங்க் டவுன்" (இணைப்பு போய்விட்டது) என்று வந்து, சில விநாடிகள் கழித்து "லிங்க் அப்" என்று இருந்தது. அதுவரை எஸ்டிபி என்ற பெயரில் இருந்த டிஸ்க் இப்போது எஸ்டிடி என்று வந்து நின்றது. பழைய பெயரை ரெய்டு பிடித்துக்கொண்டிருந்ததால் திரும்பி வந்தவருக்குப் புதுப் பெயர். முகவரி மாறினாலும் ஆள் அதே ஆள்தான் என்பதற்கு ஒட்டுத்தாளில் எழுதிய சீரியல் எண் கைகொடுத்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "தம்பி, கடையில் சொன்னதுபோல டிஸ்க்கை மாற்றிவிட்டால்தான் என்ன?" என்றார். எனக்கும் அரைமனது வந்துவிட்டது. ஆனால் பிழையின் முகம் மாறியிருந்தது. சிதைந்த தரவு வேறு, ஆளே எழுந்து போவது வேறு. அதனால் இரண்டு டிஸ்க்குகளின் ஸ்மார்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் மாட்டி, ஒன்றாகவே ஓடும் இரட்டையர் அவை. 12ஆவது வரி, எத்தனை முறை மின்சாரம் பெற்று எழுந்தது என்ற கணக்கு: நல்லதில் 63, பிரச்சினைக்காரனில் 149. 192ஆவது வரி, எதிர்பாராமல் மின்சாரம் போய், தகட்டைப் படிக்கும் முனையை அவசரமாக ஒதுக்கிய கணக்கு: 41க்கு எதிராக 127. இரண்டிலும் வித்தியாசம் 86. கணினி அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த ஒரு டிஸ்க் மட்டும் 86 தடவை மின்சாரம் இழந்து எழுந்திருக்கிறது. இந்த இரண்டு வரிகளை முதல் நாளே பார்க்கும்படி எந்த வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை. என்னைக் கேட்டால் 199க்கு அடுத்து இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மின்சாரம் என்றதும் எல்லோரும் இன்வெர்ட்டரைக் கை காட்டினார்கள். நியாயமான சந்தேகம்தான், கோடையில் மின்தடை வரும்போது இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் விளக்கு ஒருமுறை சிமிட்டும். பெரியவர் மின்தடை நேரங்களை நாட்காட்டித் தாளில் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். பழைய பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் தந்த நேரங்களோடு ஒப்பிட்டேன், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இன்வெர்ட்டரால் என்றால் மற்ற டிஸ்க்கும் எஸ்எஸ்டியும்கூடச் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். பொருந்தியது வேறொன்று. முதல் ஞாயிறு பின்னிரவில் டெபியன் ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். அதே நேரத்தில் ஆர்சிங்க்கும் ஓடினால் டிஸ்க்கின் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். முனையை நகர்த்துவது 12 வோல்ட்டின் வேலை.

நடுவில் எர்த் பிரச்சினை ஒன்று குறுக்கே வந்தது. வீட்டு ஆச்சி ஒருநாள், "தம்பி, உங்கள் பெட்டி கையைச் சுருக்கென்று கடிக்கிறது" என்றார். டெஸ்டரை வைத்தால் உடம்புத் தகட்டில் மங்கலாக எரிகிறது. பழைய மரச்சட்ட வயரிங். மூன்று துளை பிளக் இருக்கிறதே தவிர மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியே உடம்புத் தகட்டில் கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தம் ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனாலும் கடிக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு தொடுங்கள் என்று சொல்லலாம் என்றால், ஆத்தங்குடிக் கல் பாவிய வளவில் செருப்போடு நடக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. புழக்கடையிலிருந்து தற்காலிகமாக எர்த் இழுத்தோம். கடி நின்றது. டிஸ்க் காணாமல் போவது நிற்கவில்லை. இருந்தாலும் செய்ய வேண்டிய வேலைதான்.

இனி மல்டிமீட்டர். 750 ரூபாய் மீட்டர், குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் பொத்தானோடு. மோலெக்ஸ் முனையின் பின்பக்கம், கம்பி நுழையும் துளை வழியே தையல் ஊசியை உள்ளே செருகி, ஊசியில் மீட்டர் முனையைத் தொட்டால் கழற்றாமலே அளக்கலாம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு இரண்டும் தரை. மஞ்சள் ஊசியும் கறுப்பு ஊசியும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. நான் ஒன்றின்மேல் டேப் சுற்றிவைத்தேன். எஸ்எம்பிஎஸ் பக்கம் 12.03. ஒய் கேபிளைத் தாண்டி டிஸ்க் பக்கம், டிஸ்க் சும்மா சுழலும்போது 11.69. வேலை கொடுத்ததும் 11.4ஐ ஒட்டி ஆடி, அவ்வப்போது 11.2க்கு இறங்கியது. அனுமதி 5 சதவீதம், அதாவது 11.4 வரை. அணைத்துப் போடும்போது மீட்டர் பிடித்த குறைந்த அளவு 10.6. இந்த விலை மீட்டர் மெதுவானது. உண்மையான குழி இதைவிட ஆழமாகத்தான் இருந்திருக்கும். 5 வோல்ட்டில் குறை இல்லை, 4.97.

மூன்றில் ஒரு பங்கு வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்க்க, மீட்டரின் இரு முனைகளையும் ஒரே மஞ்சள் கம்பியில், இணைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்தேன். நல்ல இணைப்பில் ஏறத்தாழ பூஜ்யம் வர வேண்டும். வந்தது 0.31. கறுப்பில் 0.02. தொலைந்தது எல்லாம் அந்த ஒரு மஞ்சள் முள்ளில்தான்.

உறுதிப்படுத்த இரண்டு டிஸ்க்குகளின் பவர் முனையை மாற்றிப் பார்ப்பது எளிய வழி. செய்யவில்லை. முழுமையான தரவு அப்போது ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் சந்தேகத்துக்குரிய கம்பியில் மாட்டுவதற்கு மனம் துணியவில்லை. என்னிடம் கிடந்த பழைய 500 ஜிபி டிஸ்க்கை அந்த ஒய் கேபிளில் மாட்டி, தாறுமாறாகப் படிக்கும் வேலை கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம், சுழற்சி இறங்கி மறுபடி ஏறும் ஓசை, பதிவில் லிங்க் டவுன்.

ஒய் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் கம்பி நுழையும் மூலை மட்டும் பழுப்பேறியிருந்தது. உள்ளே இருக்கும் பித்தளைக் குழல் அகன்று, முள்ளை இறுகப் பிடிக்காமல் தளர்ந்து கிடந்தது. மற்ற மூன்று குழல்கள் பளபளக்க, இது மட்டும் கறுத்து மங்கியிருந்தது. தளர்வு சூட்டை உண்டாக்கும், சூடு ஆக்சைடு படலத்தை வளர்க்கும், படலம் இன்னும் சூட்டைக் கூட்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிமானம் அவர்களுடைய முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. அங்கிருந்து அரை மணி நேரப் பயணத் தொலைவில் இப்படி ஒரு முள்ளை வைத்துக்கொண்டு நான் டிஸ்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

குழலை ஊசியால் நெருக்கிச் சுத்தம் செய்து மறுபடி போட முடியும், ஆனால் போடக் கூடாது. ஒருமுறை சூடேறிய பித்தளைக்குப் பழைய பிடிப்பு வராது. இந்த வகைக் கேபிள்களில், அதுவும் வார்த்து ஒட்டிய மலிவு ரகங்களில், தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. வேறு பெட்டிக்குப் போய்விடாதபடி கத்தரியால் நறுக்கிப் போட்டேன். ஆறு சாட்டா பவர் முனைகள் உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் 2,500 ரூபாய்க்கு வந்தது. இப்போது டிஸ்க் பக்கம் சும்மா இருக்கும்போது 12.01, கடும் வேலையில் 11.94.

டிஸ்க்கை ரெய்டில் மறுபடி சேர்த்த பிறகு சோதனையில் அவசரப்படவில்லை. ரெய்டு சரிபார்ப்பையும் ஆர்சிங்க்கையும் வேண்டுமென்றே ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். பொருந்தாத இடங்களின் எண்ணிக்கை பூஜ்யம். ஸ்கேன் செய்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும், அதன் கைரேகை போன்ற ஷா256 எண்ணை எழுதிவைப்பது வழக்கம். அந்தப் பட்டியலோடு எல்லாக் கோப்புகளையும் ஒப்பிட்டதில் ஒரு கோப்பு மட்டும் பொருந்தவில்லை. ஆர்சிங்க் பாதியில் அறுந்த இரவின் மிச்சம் அது. ஸ்கேனர் பக்கத்தில் மூலம் இருந்ததால் மறுபடி நகலெடுத்தேன்.

செலவு: கேபிள் 160, மீட்டர் 750, எஸ்எம்பிஎஸ் 2,500, நல்ல வயர் கொஞ்சம் சேர்த்து மொத்தம் 3,600 ரூபாயை ஒட்டி. அவசரத்தில் புது டிஸ்க் வாங்கியிருந்தால் ஒன்பதாயிரம் போயிருக்கும், அதுவும் அதே பழுதான முள்ளில்தான் மாட்டியிருப்பேன்.

வேகத்தை 1.5 கிகாபிட்டுக்குக் கட்டிப்போடுவது, க்யூ ஆழத்தை (டிஸ்க்கிடம் ஒரே நேரத்தில் கொடுக்கும் கட்டளைகளின் எண்ணிக்கையை) ஒன்றாக்குவது போன்ற கெர்னல் வித்தைகளையும் இடையில் முயன்றேன். பிழை குறையும், காரணம் அப்படியே இருக்கும். நகல் எடுத்து முடிக்கும்வரை வண்டியைத் தள்ள மட்டும் பயன்படுத்தலாம்.

அடுத்த பெட்டி கட்டும்போது மோலெக்ஸ் முனையிலிருந்து எந்த டிஸ்க்குக்கும் மின்சாரம் இழுக்கப்போவதில்லை. டேட்டா கேபிளை நைலான் டையால் கட்டப்போவதும் இல்லை. துணி ஒட்டு நாடா போதும், தளர்வாக. தினமும் காலை ஆறு மணிக்கு 5, 12, 192, 197, 198, 199 ஆகிய ஆறு எண்களை மட்டும் ஒரு உரைக்கோப்பில் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்ட் இப்போது ஓடுகிறது. முந்தைய நாளோடு ஒப்பிட்டு, மாறினால் கைப்பேசிக்குச் செய்தி வரும். பாக்கி இருப்பது முறையான எர்த் குழி. செம்பூராங்கல் பூமி, கடப்பாரை இறங்காது, கோடையில் ஈரமும் நிற்காது. ஆழமாகத் துளைபோட்டுக் கரியும் உப்பும் நிரப்ப வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். பங்காளிகளிடம் மதிப்பீடு அனுப்பியிருக்கிறது.